பாரிசவாதத்துக்குப் பிறகு மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பைக் காக்க வெளியில் வாங்கக்கூடிய மருந்து உண்டா?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவுக்கு 66 வயது, பிறசரும் சலரோகமும் பத்து வருடமாக இருக்கிறது. இரவு பத்து மணிக்கு நன்றாகக் கதைத்துவிட்டுப் படுத்தவர், விடிய ஐந்து மணிக்கு எழும்பும்போது இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயுவாக இருக்கும் என்று எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். சி.ரி. ஸ்கானில் இரத்தக்கசிவு இல்லை, அடைப்புத்தான் என்றார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடவில்லை. இப்போது மூன்றாம் நாள், "மூளையில இருக்கிற தடுப்புப் பழுதாகி நீர் கசிஞ்சு வீங்குது" என்று வாட் டொக்டர் சொன்னாராம். கனடாவில் இருக்கிற அண்ணா அந்தத் தடுப்பைப் பாதுகாக்கும் மருந்துகள் என்று கிளிபென்கிளமைட், மினோசைக்ளின், எடாரவோன், சிட்டிகொலின் என நாலு பெயர் தேடி அனுப்பியிருக்கிறார். காசு பிரச்சினை இல்லை, எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். கேட்டது மருந்தைப் பற்றித்தான். ஆனால் ஏன் அந்த ஊசி போடவில்லை, நாங்கள் பிந்திப் போனதால்தான் இப்படி ஆனதா என்பதும் உங்கள் எழுத்தில் அங்கங்கே தலைகாட்டுகிறது. எல்லாவற்றுக்கும் பதில் அந்தத் தடுப்பில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபது வருடத்துக்கு மேல் இலங்கையின் வடக்கில் பொது மருத்துவ வாட்டுகளில் வேலை செய்தவன். இடையில் மூன்று வருடம் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் எலிகளின் மூளை இரத்தக்குழாயை அடைத்து, இந்தத் தடுப்பு எப்படி உடைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பியல் நிபுணன் அல்ல. உங்கள் அம்மாவின் ஸ்கானையும் பார்க்கவில்லை, ஆகவே அவருடைய சிகிச்சையில் வாட் டொக்டர் சொல்வதுதான் கடைசிச் சொல். கேட்டதற்கு நேரான பதில் இதுதான்: அண்ணா அனுப்பிய நாலில் எதையும் இன்று வாங்கிக் கொடுக்க வேண்டாம். அந்தத் தடுப்பைக் காப்பதற்கென்று உறுதிசெய்யப்பட்ட தனி மருந்து எதுவும் இன்றைக்கு வழக்கமான சிகிச்சையில் இல்லை. அதற்காக ஒன்றுமே செய்ய ஏலாது என்று அர்த்தமில்லை. செய்யக்கூடியவை இருக்கின்றன, ஆனால் அவை பாமசியில் கிடைக்கிற சாமான்கள் அல்ல.

முதலில் அந்தத் தடுப்பு என்னவென்று பார்ப்போம். 1885இல் ஜெர்மனியில் போல் ஏர்லிக் என்பவர் மிருகங்களின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயத்தில் ஒட்டுதல் இல்லை என்று அவர் நினைத்தார். 1913இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் வேறொரு சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் நேரே விட்டார். இப்போது மூளை நிறம் மாறியது, மற்ற உறுப்புகள் மாறவில்லை. அப்படியென்றால் ஒட்டுதல் பிரச்சினை இல்லை, நடுவில் ஏதோ மறிக்கிறது. அந்த மறிப்பு எங்கே இருக்கிறது என்று இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்ணால் கண்டது 1967இல்தான். மூளையின் மயிர்க்குழாய்களின் உட்சுவர்க் கலங்கள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் இறுக்கிப் பொருந்தியிருக்கின்றன, அதுதான் தடுப்பு.

எங்கள் ஊர்க் கிடுகு வேலியை நினைத்துக்கொண்டால் இது லேசாக விளங்கும். உட்சுவர்க் கலங்கள்தான் கிடுகு. அவற்றை இறுக்கிக் கட்டியிருக்கும் கயிறு கிளோடின்-5, ஒக்லூடின் என்ற புரதங்கள். பின்னால் தாங்கி நிற்கும் கதியால், குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய அடிப்படலமும் அதைப் பிடித்திருக்கும் பெரிசைட் கலங்களும். வளவுக்குள் நின்றுகொண்டு வேலி சரியாக இருக்கிறதா என்று எந்நேரமும் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரர் மாதிரி நட்சத்திர வடிவக் கலங்கள் குழாயைச் சுற்றிக் கால் பதித்திருக்கின்றன. குளுக்கோசு போன்ற தேவையான சாமான்கள் உள்ளே போக அங்கங்கே படலைகள் உண்டு. ஒட்சிசனுக்குப் படலை தேவையில்லை, கிடுகுக்கு ஊடாகக் காற்றுப் போகிற மாதிரிப் போய்விடும். உவமை இவ்வளவுதான் தாங்கும், ஏனென்றால் கிடுகு செத்த ஓலை, மூளையின் வேலியோ உயிருள்ளது, அதற்கே ஒட்சிசனும் சாப்பாடும் வேண்டும்.

பாரிசவாதத்தில் பிழைப்பது இங்கேதான். குழாய் அடைத்தவுடன் நரம்புக்கலங்கள் சாகத் தொடங்குகின்றன. பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சராசரி 19 லட்சம் நரம்புக்கலங்கள் போகும் என்று 2006இல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். முதலில் கலங்கள் தாங்களே சோடியத்தையும் நீரையும் உறிஞ்சி ஊதுகின்றன. அந்த நேரத்தில் வேலி இன்னும் நிற்கிறது. மணித்தியாலங்கள் போகப் போக வேலியின் கயிறு தளர்கிறது. எம்.எம்.பி-9 என்ற நொதியம் அடிப்படலத்தையே அரிக்கத் தொடங்குகிறது, உதவிக்கு வருகிற வெள்ளைக் கலங்களும் அதே நொதியத்தை மூட்டையாகக் கொண்டு வருகின்றன. பிறகு இரத்தத்தில் இருக்கிற புரதமும் அதோடு நீரும் மூளைக்குள் கசிகின்றன. மண்டையோடு விரியாது, ஆகவே வீக்கம் பக்கத்தில் நன்றாக இருக்கிற மூளையை நெருக்குகிறது. பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான் வீக்கம் உச்சத்துக்கு வரும். உங்களுக்கு வாட்டில் சொன்னது இதைத்தான். இவ்வளவும் நிச்சயமான விஷயம். வேலி முதல் சில மணித்தியாலத்தில் ஒருதரம் திறந்து, கொஞ்சம் மூடி, பிறகு ஓரிரு நாளில் மறுபடி திறக்கிறதா, அல்லது திறந்தது திறந்தபடியே கிடக்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் இழுபறி. எலியில் இரண்டும் கண்டிருக்கிறார்கள்.

சரி, ஏன் அந்த ஊசி போடவில்லை. ரி.பி.ஏ என்கிற அல்டிபிளேஸ் கட்டியைக் கரைக்கும், அதில் சந்தேகமில்லை. 1995இல் அமெரிக்க ஆய்வொன்று, மூன்று மணித்தியாலத்துக்குள் போட்டால் மூன்று மாதத்தில் இயலாமை இல்லாமல் அல்லது மிகக் குறைவான இயலாமையோடு இருப்போர் கூடுகிறார்கள் என்று காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணித்தியாலமாக்கியது. ஆனால் அதே 1995 ஆய்வில், ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதத்தினருக்கு நிலைமையை மோசமாக்கும் மூளை இரத்தக்கசிவு வந்தது, போடாதவர்களில் 0.6 சதவீதம்தான். நேரம் போகப் போக ஏன் ஆபத்து ஏறுகிறது என்றால், அடைத்த குழாய்க்கு அப்பால் வேலி உக்கிக்கொண்டே போகிறது. கட்டியைக் கரைத்து இரத்தத்தைத் திடீரென்று திறந்துவிட்டால் அது உக்கின கிடுகை உடைத்துக்கொண்டு வளவுக்குள் பாயும். போதாக்குறைக்கு ரி.பி.ஏ தானும் அந்த எம்.எம்.பி-9ஐக் கிளப்பிவிடும் குணம் உள்ளது.

தூக்கத்தில் வந்த பாரிசவாதத்துக்கு நேரம் கணக்கிடுவது, எழும்பிய நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக நன்றாக இருந்ததைக் கண்ட நேரத்திலிருந்து. அம்மாவுக்கு அது இரவு பத்து மணி. விடிய ஐந்து மணிக்கே ஏழு மணித்தியாலம் ஆகிவிட்டது. அதாவது நீங்கள் எண்ணெய்ப் போத்தலைத் தொடாமல் ஐந்தேகாலுக்கே ஓட்டோவில் ஏற்றியிருந்தாலும் வழக்கமான கணக்கின்படி அந்த ஊசிக்கு நேரம் கடந்துதான் இருந்திருக்கும். எம்.ஆர்.ஐ மூலம் ஆட்களைத் தெரிந்தெடுத்தால் தூக்கத்தில் வந்தவர்களுக்கும் போடலாம் என்று 2018இல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது உண்மை. பெரிய குழாய் அடைத்தவர்களுக்கு 16 முதல் 24 மணித்தியாலம் வரை இரத்தக்குழாய்க்குள்ளால் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கலாம் என்றும் அதே வருடம் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஆனால் விடியற்காலையில் அந்த எம்.ஆர்.ஐயைக் கேட்டவுடன் எடுப்பது லேசில்லை, கட்டியை இழுத்தெடுக்க ஆளும் கருவியும் உள்ள இடங்கள் நாட்டிலேயே மிகக் குறைவு. ஆறு மணித்தியாலம் பிந்தியது நல்லது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஊசி கைநழுவியது உங்களால் அல்ல.

அண்ணாவின் பட்டியலுக்கு வருகிறேன். அதில் கிளிபென்கிளமைட் இருப்பதைக் கண்டு கொஞ்சம் பயந்துபோனேன், ஏனென்றால் அது உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடிய பழைய சலரோகக் குளிசை. அதன் கதை உண்மையில் அழகானது. அமெரிக்காவில் மேரிலாந்தில் மார்க் சிமாட் என்ற நரம்பறுவைச் சிகிச்சை நிபுணரின் குழு, ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும் மூளையில், குழாய்ச் சுவர்க் கலங்களிலேகூட, வழமையில் இல்லாத ஒரு சோடிய வாசல் புதிதாக முளைக்கிறது என்று கண்டுபிடித்தது. அதற்குள்ளால் சோடியமும் நீரும் ஏறித்தான் வீக்கம் தொடங்குகிறது, கிளிபென்கிளமைட் அந்த வாசலை அடைக்கும். எலியில் நன்றாக வேலை செய்தது. 2016இல் பெரிய பாரிசவாதம் வந்த 86 பேரில் நாளத்துக்குள் ஏற்றும் வடிவத்தில் பார்த்தார்கள். பிரதான அளவுகோலில் வித்தியாசமில்லை, ஆனால் வீக்கத்தால் மூளையின் நடுக்கோடு ஒரு பக்கம் தள்ளுப்படுவது குறைந்திருந்தது, இரத்தத்தில் எம்.எம்.பி-9 அளவும் குறைந்திருந்தது. எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது, எனக்கும்தான். பிறகு 500க்கு மேற்பட்டவர்களில் செய்த மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2024இல் வந்தது: 90 நாள் கழித்துப் பார்க்கையில் நோயாளிகளின் செயற்பாட்டில் முன்னேற்றமில்லை, இரத்தத்தில் சீனி இறங்குவது மட்டும் கூடியிருந்தது. அண்ணா வாசித்தது 2016க்கும் 2024க்கும் இடையில் எழுதப்பட்ட கட்டுரையாக இருக்கும். அந்த ஊசி வடிவம் விற்பனையிலும் இல்லை. வீட்டிலிருக்கும் குளிசையைக் கொடுத்தால் அதுதானே என்று யாராவது சொல்லக்கூடும். சரியாகச் சாப்பிடாமல் படுத்திருக்கும் ஒருவருக்கு அதைக் கொடுத்தால் சீனி மளமளவென்று இறங்கி, மூளைக்கு இரண்டாவது அடி விழும். தயவுசெய்து வேண்டாம்.

மினோசைக்ளின் முகப்பருவுக்குக் கொடுக்கிற மலிவான பழைய நுண்ணுயிர்க்கொல்லி. எம்.எம்.பி-9ஐ அடக்கும், ஆகவே வேலியைக் காக்கும் என்பது வாதம். 2007இல் இஸ்ரேலில் 152 பேரில், பாரிசவாதம் வந்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி ஐந்து நாள் கொடுத்தார்கள். எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் யாருக்கு மருந்து, யாருக்குப் பொய்க்குளிசை என்பது மூடிவைக்கப்படாத சிறிய ஆய்வு அது, அப்படிப்பட்ட ஆய்வுகள் பலதடவை ஆளை ஏமாற்றியிருக்கின்றன. இதை நான் சந்தேகப் பெட்டிக்குள் போடுகிறேன், குப்பைக் கூடைக்குள் அல்ல. உங்களுக்கு முக்கியமானது வேறு: அம்மா அந்த 24 மணித்தியாலத்தைத் தாண்டிவிட்டார், இந்த நொதியத்தைப் பிந்தி அடக்குவது நல்லதா என்பதே கேள்விக்குறி. 2006இல் எலியில் பார்த்தார்கள். முதல் நாளில் எம்.எம்.பியைத் தடுத்தால் சேதம் குறைந்தது, ஏழாம் நாள் தடுத்தபோது நிலைமை மோசமாகியது. ஏனென்றால் ஒரு வாரத்துக்குப் பிறகு அதே நொதியம்தான் புதுக் குழாய் முளைக்க வழி வெட்டிக்கொடுக்கிறது. வேலி அடைக்க வருகிறவன் முதலில் உக்கின கிடுகைப் பிடுங்கித்தான் போடுவான், அந்த நேரத்தில் பார்த்தால் வேலியைப் பிரிக்கிறவன் மாதிரித்தான் தெரியும், அவனைக் கள்ளன் என்று பிடித்துக் கட்டிவைத்தால் வேலி எப்போது அடைபடும்? வேலியைக் காக்கும் மருந்து என்று பொதுவாகச் சொல்வதில் உள்ள பெரிய ஓட்டை இதுதான் என்பது என் அபிப்பிராயம். எந்த நாளில், எந்த மணித்தியாலத்தில் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

எடாரவோன் ஜப்பானில் 2001 முதல் பாரிசவாதத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஊசி. இன்னொரு பொருளோடு கலந்த வடிவம் சீனாவில் பாவிக்கப்படுகிறது. 2021இல் வந்த சீன ஆய்வில் தனி எடாரவோனைவிடக் கலப்பு சற்றுக் கூடிய பலன் தந்தது, 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கியவர்களில். வேறு நாடுகளில் அதே அளவு திருப்பிக் காட்டப்படும்வரை நான் அவசரப்பட மாட்டேன். அதற்குக் காரணமும் இருக்கிறது: இதே இனத்தைச் சேர்ந்த, கெட்ட ஒட்சிசன் மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஒரு மருந்து 2006இல் பெரிய ஆய்வொன்றில் நல்ல பலன் என்று வந்து, அடுத்த வருடமே அதைவிடப் பெரிய ஆய்வில் ஒன்றுமில்லை என்று விழுந்தது. சிட்டிகொலின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2012இல் 2298 பேரில் பார்த்தார்கள், பொய்மருந்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கெடுதல் குறைவு, விலை கூட. அது வேலையும் செய்யாது என்பது இன்னும் நிறையப் பேருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் எதையாவது எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பட்டியலில் இல்லாவிட்டாலும் ஸ்டீரொய்ட் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும், யாராவது கட்டாயம் கேட்பார்கள். மூளையில் வளரும் கட்டியைச் (டியூமர்) சுற்றி வரும் வீக்கத்துக்கு டெக்சாமெதசோன் மந்திரம் மாதிரி வேலை செய்யும். பாரிசவாத வீக்கத்துக்கு அது உதவாது, சீனியை ஏற்றும், கிருமித்தொற்றுக்கும் கதவு திறக்கும். வாட்டில் மனிற்றோல் ஏற்றினால் அது தற்காலிகமாக நீரை இழுத்து நேரம் வாங்குவதற்காக, வேலியைத் திருத்துவதற்காக அல்ல.

எலியில் வேலை செய்வது ஏன் அம்மாவில் வேலை செய்வதில்லை என்று அண்ணா கேட்பார். நாங்கள் ஆய்வுகூடத்தில் ஈவன்ஸ் நீலம் என்ற சாயம் ஏற்றுவோம். அது இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், வேலி உடைந்த இடத்தில் மட்டும் மூளைக்குள் கசியும். மூளையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தால் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி சொட்டு நீலத்தில் நனைத்த வேட்டி மாதிரி. மருந்து கொடுத்த எலியில் நீலம் குறைந்திருந்தால் அன்று பின்னேரம் எங்களுக்குத் தேத்தண்ணி கொஞ்சம் இனிக்கும். ஆனால் அந்த எலி எப்படிப்பட்டது? வாலிபம், சலரோகம் இல்லை, பிறசர் இல்லை. குழாயை எத்தனை மணிக்கு அடைத்தோம் என்று நிமிடக்கணக்கில் தெரியும், மருந்தை ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுவோம், சிலவேளை அடைப்பதற்கு முன்பேகூட. 66 வயதில், பத்து வருடச் சலரோகத்தோடு, எப்போது அடைத்தது என்றே தெரியாமல் வருகிறவரின் வேலி அதற்கு முன்பே மழை வெயில் கண்ட வேலி. 2006இல் ஒருவர் குந்தியிருந்து எண்ணினார்: பாரிசவாதத்துக்கு ஆய்வுகளில் பரீட்சித்த சிகிச்சைகள் 1026. அவற்றில் எத்தனை இன்று வாட்டுக்கு வந்திருக்கின்றன என்பதை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

இனி, எது உண்மையில் உதவும். 2011இல் அவுஸ்திரேலியாவில் 19 பாரிசவாதப் பிரிவுகளில் ஒரு ஆய்வு நடந்தது. புது மருந்து ஒன்றுமில்லை. முதல் மூன்று நாளில் காய்ச்சல், சீனி, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் தாதியர் ஒழுங்கு தவறாமல் கவனித்து உடனே நடவடிக்கை எடுக்கும் முறையைப் பழக்கினார்கள், அவ்வளவுதான். 90 நாளில் இறந்தவர்களும் பிறர் உதவியில் தங்கியிருந்தவர்களும் சேர்ந்து 58 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் குறைந்தார்கள். மேலே சொன்ன நாலு மருந்தில் ஒன்றாவது நம்பத்தக்க பெரிய ஆய்வில் இதற்குக் கிட்டவும் வரவில்லை. காய்ச்சல் வேலியின் கசிவைக் கூட்டும், உயர்ந்த சீனி கசிவையும் இரத்தக்கசிவையும் கூட்டும் என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு. அந்த ஆய்வின் பலன் வேலிக்கூடாக வந்ததா, நிமோனியா குறைந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் நோயாளிக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. சீனியை மிக இறுக்கிப் பிடித்தாலும் மேலதிக பலன் இல்லை என்று 2019இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிவிட்டது. 140 முதல் 180 வரை வைத்திருந்தால் போதும். வாட்டில் 170 என்று எழுதியிருப்பதைக் கண்டு சண்டைக்குப் போக வேண்டாம்.

பிறசரில்தான் வீட்டுக்காரர் அதிகம் பதறுவது. கட்டி கரைக்கும் ஊசி போட்டவர்களுக்கு முதல் 24 மணித்தியாலம் 180/105க்குக் கீழே வைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் உக்கின வேலியில் இரத்தம் இடிக்கும். ஊசி போடாதவர்களுக்குத் தொடக்கத்தில் 220/120 வரை அப்படியே விட்டுவைப்பதுதான் வழக்கம். அடைப்பைச் சுற்றி அரை உயிரோடு இருக்கும் மூளைப்பகுதிக்குப் பக்கக் குழாய்களால் இரத்தம் தள்ள அந்த அழுத்தம்தான் உதவுகிறது. ஒருமுறை என் வாட்டில் ஒரு அம்மாவின் மருமகன், பிறசர் 190 என்று தெரிந்தவுடன் யாருக்கும் சொல்லாமல் நிபெடிப்பின் குளிசையை உடைத்து நாக்குக்குக் கீழே வைத்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் 110க்கு இறங்கியது, அதுவரை அசைந்துகொண்டிருந்த கையும் நின்றுவிட்டது. அவர் அன்பில்தான் செய்தார். அம்மாவுக்கு மூன்றாம் நாளாகிவிட்டதால் இனி டொக்டர்மார் மெதுவாகப் பிறசர் மருந்தைத் திரும்பத் தொடங்குவார்கள். அந்த வேகத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அம்மாவின் இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று கண்டுபிடித்தும் ஏன் இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்தை உடனே தொடங்கவில்லை என்பது அண்ணாவின் இன்னொரு கேள்வி, அதற்கும் பதில் இதே வேலிதான். பெரிய சேதமென்றால் வேலி கொஞ்சம் தேறும்வரை காத்திருப்பார்கள், சின்னதென்றால் முந்தித் தொடங்குவார்கள். முன்பு மிகவும் பிந்தித் தொடங்கினோம். 2023இல் வந்த ஆய்வு, சிறிய நடுத்தரச் சேதங்களுக்கு 48 மணித்தியாலத்துக்குள்ளும் பெரியதற்கு ஆறாம் ஏழாம் நாளிலும் தொடங்குவதில் ஆபத்துக் கூடவில்லை என்று காட்டியது. என்ன அளவு சேதம் என்று கேளுங்கள், "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், முதல் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும்.

இன்றிலிருந்து மூன்று நாள் நீங்கள் கட்டிலடியில் இருந்து பார்க்க வேண்டியது அம்மாவின் விழிப்பு. நேற்றுக் கூப்பிட்டவுடன் கண் திறந்தவர் இன்று தட்டினால்தான் திறக்கிறார், புதிதாகச் சத்தி எடுக்கிறார், தலையிடி என்று முனகுகிறார், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்றால் மருந்துச் சுற்று வரும்வரை காத்திருக்காமல் உடனே தாதியிடம் சொல்லுங்கள். பகல் நித்திரை என்று விட்டுவிட்ட கதைகள் எனக்குத் தெரியும். மிகப் பெரிய பாரிசவாதத்தில் வீக்கம் கட்டுக்கடங்காவிட்டால் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மூளைக்கு இடம் கொடுக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. 60 வயதுக்குட்பட்டவர்களில் முதல் இரண்டு நாளுக்குள் செய்தால் உயிர் தப்புவோர் 29 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாகக் கூடினார்கள் என்று 2007இல் மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துக் கண்டார்கள். 60க்கு மேல் உயிர் தப்பினாலும், தப்பியவர்களில் பலர் எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்தே இருந்தார்கள் என்று 2014இல் வந்தது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கூப்பிட்டால் பதில் சொல்கிறார், வார்த்தை குழறுகிறது, கால் கொஞ்சம் மடக்குகிறார், அந்தக் கட்டத்துக்கு இது போகாது என்றுதான் நினைக்கிறேன். நினைப்புத்தான், ஸ்கானைப் பார்த்தவர் சொல்வதுதான் கணக்கு.

எண்ணெய் விஷயத்தில் உங்களை நான் குறை சொல்லவில்லை. பாரிசவாதம் என்ற பெயருக்குள்ளேயே வாதம் இருக்கிறது, வாதம் என்றால் எங்கள் சனத்தின் கை தானாக எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். இருந்தாலும் ஒருதரம் வந்தவருக்குத் திரும்பவும் வரக்கூடும் என்பதால் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல், இதில் ஒன்று கண்டாலும் 1990க்கு அழையுங்கள், 2018இலிருந்து அந்த அம்புலன்ஸ் எங்கள் பக்கமும் ஓடுகிறது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைத் துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். நெடுந்தீவுப் பக்கத்து ஆட்களுக்குக் குறிகாட்டுவானுக்கு வரவே கடலில் ஒரு மணித்தியாலம் போய்விடும். உங்களுக்கு வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி ஓட்டோவில் பத்து நிமிடம். ஸ்கான் எடுக்கும்வரை அஸ்பிரினும் வேண்டாம், அது அடைப்பா கசிவா என்று வெளியில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

அண்ணா காசு அனுப்பத்தான் வேண்டும் என்றால், வீட்டில் வைக்க ஒரு நல்ல பிறசர் மெசினும், குளுக்கோசு பார்க்கும் மெசினுக்கு ஆறு மாதத்துக்குரிய துண்டுகளும், வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி செய்விக்கும் பிசியோதெரபி ஆளுக்குச் சம்பளமும் கேளுங்கள். கடைசியில் கேட்டிருந்தீர்கள், வல்லாரை மூளைக்கு நல்லது என்கிறார்களே, மாமி சம்பல் அரைத்து வாட்டுக்குக் கொண்டுவரலாமா என்று. வேலியைத் திருத்தும் என்பதற்கு மனிதரில் ஆதாரமில்லை, உணவாகக் கெடுதலும் இல்லை. ஆனால் இப்போது வேண்டாம், வார்த்தை குழறுகிறவருக்குத் தொண்டையும் குழறும், அந்தத் தும்பு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவும் காய்ச்சலும்தான். வாட்டில் விழுங்கல் சோதனை செய்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். அது சரி என்ற பிறகு அவர்கள் சொல்கிற பதத்தில் மசித்த சோறு, நிமிர்த்தி இருத்திவைத்து, சின்னக் கரண்டியால். மாமியின் சம்பல் அம்மா வீட்டுக்கு வந்து தானாக மென்று சாப்பிடத் தொடங்கினதும்.